கருடன் இல்லை என்று மைக்கில் சொன்னவன் எழுதுவது

உ

தண்ணீர்மலை, பினாங்கு.
பங்குனி 4

கெப்பாலா பத்தாஸ் தென்னந்தோட்டத்து அம்மன் கோயில் தலைவரும், ஆண்டவன் மனம் மாறாத பட்சத்தில் என் வருங்காலச் சம்பந்தியுமான உயர்திரு தண்டாயுதம் அவர்கள் சமூகத்துக்கு, பழனியப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நான், ரமணி, மகள் சுபாஷினி மூவரும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மா வடிவம்மாளும் மாப்பிள்ளை குகனும் சுகமாக இருக்கவும், படியேறும்போது உங்கள் வலது முழங்கால் முணுமுணுக்காமல் இருக்கவும் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் யாரய்யா தாளில் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பீர்கள். போன தீபாவளிக்கு உங்களுக்கு மட்டும் என்று நான் அனுப்பிய என் மூல நோய் வைத்தியக் குறிப்பை நீங்கள் கைதவறி கோயில் குழுவுக்கு அனுப்பிவிட்டீர்கள். இருநூற்றுப் பதினான்கு பேர் படித்தார்கள், ஒன்பது பேர் கைகூப்பி நன்றி சொன்னார்கள். இப்போது எழுதப்போவது அதைவிட ரகசியம் என்பதால் தாள்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். சித்திரை இரண்டாம் ஞாயிறு பரிசம் போட வருகிறோம் என்று முந்தாநாள் நீங்கள் போனில் சொன்னபோது நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து நின்றுகொண்டேன். கும்பாபிஷேகத்தில் நான் செய்த காரியத்துக்கு வேறொரு வீட்டில் என் மகளுடைய ஜாதகத்தைத் தபாலில் திருப்பி அனுப்பியிருப்பார்கள், தபால் தலைகூட ஒட்டியிருக்க மாட்டார்கள். நீங்களோ பிரசாதமும் ஒரு டின் முறுக்கும் கொடுத்தனுப்பினீர்கள். அந்த முறுக்கு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. முறுக்கில் குற்றமில்லை. உங்களிடம் சொல்லாத ஒன்று எனக்குள் இருக்கிறது, அதைச் சொன்னால் பரிசம் நிற்குமோ நிற்காதோ தெரியாது. “வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க, ஒரு தடவை வாயைத் திறந்தது போதும்லா” என்கிறாள் ரமணி. “பொய்யோட அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்பா, நீங்க சொல்லிடுங்க” என்கிறாள் சுபாஷினி. வாழப்போகிறவள் அவள்தான், ஆகையால் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் எனக்கு உங்கள் மேல் வருத்தம் இருக்காது.

இந்தப் பறவைக் கிறுக்கு எனக்கு எப்படி வந்தது என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகனாக மைக்ராஸ்கோப்புக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்தேன். அரிசி நொய்யைவிடச் சின்னதான சிப்பைப் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் பாஸ், ஒரு பக்கம் ரிஜெக்ட், நடுவில் மூச்சுவிட நேரமில்லை. ஓய்வு பெற்ற மறுமாதம் கண் டாக்டர், “அங்கிள், இனிமே தூரத்துல இருக்கறதைப் பாருங்க” என்றார். தூரத்தில் எங்கள் எதிர்ப் பிளாக்தான் இருந்தது. பதினைந்தாவது நிமிடமே அந்தப் பிளாக்கின் ஆறாவது மாடிப் பெண்மணி மேனேஜ்மெண்டில் புகார் கொடுத்துவிட்டார். அதன் பிறகு சுபாஷினி ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுத்து, சலேஹா டீச்சரின் பறவைக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். டீச்சர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, எழுபது வயது, பறவையைத் தப்பாகச் சொன்னால் இப்போதும் பெஞ்சு மேல் ஏற்றிவிடுகிற குரல். இரண்டு வருடத்தில் பாஸும் ரிஜெக்ட்டும் என் ரத்தத்திலிருந்து போய்விட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

கும்பாபிஷேகத்தன்று விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். பாலம் தாண்டி, பட்டணம் கழிந்து, உங்கள் பக்கத்து வயல்வெளி ஆரம்பிக்கிறவரை நான் நல்ல மனிதனாகத்தான் காடி ஓட்டினேன். மாசிக் கடைசியில் உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் அண்ணாந்து பார்த்திருக்க மாட்டீர்கள். குளிருக்குப் பயந்து இங்கே வந்த பறவையெல்லாம் வடக்கே ஊர் திரும்புகிற நேரம் அது. மின்கம்பியில் தகைவிலான்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தன, ஒரு கம்பிக்கு நூற்றிருபது எண்ணினேன். ஒரு வேலிக் கம்பத்தில் பழுப்புக் கீச்சான். புதிதாய் உழுத சேற்றில் நத்தை குத்தி நாரைகள் நாற்பத்து மூன்று, ஒவ்வொன்றும் அலகு நடுவில் மூடாத இடைவெளியோடு, பல் செட் சரியாகப் பொருந்தாத பெரியவர்கள் மாதிரி நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தன. “ஒரு நிமிஷம் நிறுத்துறேன்” என்றேன். ரமணி கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இது கடைசி எச்சரிக்கை, இருந்தாலும் இறங்கினேன். நாற்பத்து நான்காவது நாரை வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி தெரிந்ததால் வரப்பில் கால் வைத்தேன். வரப்பு என்று நான் நினைத்தது வரப்பு இல்லை.

முழங்கால்வரை சேறும், கழுத்தில் தொலைநோக்கியும், பக்கத்தில் பேசாத மனைவியுமாக உங்கள் கோயில் வாசலில் நான் வந்து நின்றபோது மணி ஒன்பதே முக்கால். ஒன்பதுக்குப் பூரண கும்ப மரியாதை என்று அழைப்பிதழில் போட்டிருந்தீர்கள். எனக்காகப் பூரண கும்பம் முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்தது. நீங்களோ சேற்று வேட்டியைப் பார்த்துவிட்டு, “வாங்க சம்பந்தி, பால்குடம் தூக்குனவங்க கூட இவ்வளவு நனையல” என்று சிரித்து, உங்கள் சொந்த அலமாரியிலிருந்து பட்டு வேட்டியை எடுத்துக் கொடுத்தீர்கள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும், என் கண் வழியாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்கு லக்னம் தொடக்கம், பத்தே முக்காலுக்கு முடிவு. குருக்கள் புனிதக் குடத்தோடு சாரத்தில் ஏறிக் கோபுரக் கலசத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். கருடன் வட்டமிடாமல் குடம் சாயாது, அது நம் வழக்கம். ஐந்நூறு பேர் அண்ணாந்து நின்றோம். பறவை பார்க்கும் குழுவில் பன்னிரண்டு பேர் சேர்ந்தாலே பெரிய கூட்டம், அன்றைக்குத்தான் நான் ஐந்நூறு பேரோடு சேர்ந்து வானம் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது. பத்து ஐந்துக்குத் தெற்கேயிருந்து ஒன்று வந்தது. அகன்ற இறக்கை, ஆட்டாமல் அசைக்காமல் கோபுரத்துக்கு நேர் மேலே ஒரு வட்டம், இரண்டு வட்டம். கூட்டம் பொங்கிவிட்டது. “ஓம் சக்தி” என்ற சத்தத்தில் என் காது அடைத்தது. மேளம் உச்சத்துக்குப் போனது. அந்த நேரம் பார்த்து நீங்கள் எங்கிருந்தோ வந்து, என் தோளில் கை போட்டு, மைக்கைப் பிடித்து, “பக்த கோடிகளே, நம்ம வருங்காலச் சம்பந்தி பெரிய பறவை நிபுணரு, பினாங்குலேருந்து வந்திருக்காரு, அவரே இப்ப சொல்லுவாரு” என்று என் வாயருகே நீட்டினீர்கள்.

சம்பந்தி, கோயில் கற்பூரத்தின் மேல் கை வைத்து வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன், நான் யோசித்துச் சொல்லவில்லை. தொலைநோக்கி தானாகக் கண்ணுக்குப் போனது. கருடன் என்கிற செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை, உடம்பு செங்கல் நிறம். இதற்கு வெள்ளை இல்லை, செங்கல் இல்லை. புறாத் தலை, நீளக் கழுத்து, வால் முழுக்கப் பட்டை. சுமத்ராவிலிருந்து கடல் தாண்டிச் சைபீரியா பக்கம் போய்க்கொண்டிருக்கிற தேன் பருந்து. முப்பத்தொரு வருடப் பழக்கம், கண் பார்த்ததும் வாய் முத்திரை குத்திவிட்டது. “கருடன் இல்லீங்க. ரிஜெக்ட்” என்றேன். நாலு ஸ்பீக்கர், நாலு பக்கமும் வயல், எதிரொலி வேறு.

மேளம் நின்றது. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுக்க மறந்து என்னையே பார்த்தார். மேலே குருக்கள் இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கியபடி, இறக்குவதா ஊற்றுவதா என்று தெரியாமல் நின்றார். தேன் பருந்து தன் பாட்டுக்கு வடக்கே போய்விட்டது. அது போகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். சுபாஷினி புடவைத் தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். சம்பந்தியம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: “சகுனம் சரியில்லை. பரிசத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சிப் பார்க்கலாம்.” தள்ளி வைப்பது என்றால் என்ன என்று பெண்ணைப் பெற்றவனுக்கு யாரும் அகராதி எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. என் மகள் கல்யாணத்தை நானே மைக் வைத்து நிறுத்திவிட்டேன் என்று அந்த நொடியில் புரிந்தது.

இனிமேல் எழுதப்போவதுதான் உங்களுக்குத் தெரியாதது.

பாத்ரூம் போவதாகச் சொல்லி நழுவினேன். கோயிலுக்குப் பின்னால் தென்னை தாண்டி அலாவுதீன் பாயின் மீன் குளங்கள் இருக்கின்றன அல்லவா. மீன் குளம் இருக்கிற இடத்தில் செம்பருந்து இருக்கும். மீன் கழுவுகிற நேரத்தில் இன்னும் நிறைய இருக்கும். அது கடலோரத்துப் பிச்சைக்காரப் பறவை, சம்பந்தி, மகாவிஷ்ணுவின் வாகனம் என்று அதற்கே தெரியாது. உங்கள் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பாய் குளக்கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க, “பாய், மீன் குடல் இருக்கா?” என்றேன். வேறு யாராக இருந்தாலும் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அவர் எழுந்து, “நோன்பு மாசம், ஒரு டீ கூடக் குடுக்க முடியல, மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு, மூடி போட்ட ஒரு வாளியைக் காலால் என் பக்கம் தள்ளினார். உள்ளே காலையில் அறுத்த சியாக்காப் மீனின் தலை, குடல், செதிள். அள்ளி அள்ளிக் குளத்து மேட்டில் வீசினேன். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்த கோயிலுக்கு இருநூறு அடி தள்ளி நின்று, கோயில் தலைவரின் பட்டைக் கட்டிக்கொண்டு.

இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டன. முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஐந்து. வெயிலில் வெள்ளைத் தலை பளிச்சென்று, தாழப் பறந்து, அள்ளிக்கொண்டு மேலே ஏறி, கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று துரத்தின. கோயில் பக்கமிருந்து எழுந்த சத்தத்தில் குளத்து மீன் துள்ளியது. நான் திரும்பி வருவதற்குள் குருக்கள் குடத்தைச் சாய்த்துவிட்டார். அப்போதுதான் பெரிய கருடன் ஒன்று காலில் ஏதோ நீளமாகத் தொங்க, கலசத்தின் மேலேயே வட்டமிட்டது. “அங்க பாருங்க, ஆத்தாவுக்கு மாலை கொண்டாருது” என்று ஓர் அம்மாள் கதறினார். ஐந்நூறு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சம்பந்தியம்மா அழுதேவிட்டார். அது மாலை இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பறவை பிடியைத் தளர்த்தாமல் இருக்க வேண்டுமே என்று நான் வேண்டியது போல அன்றைக்கு வேறு யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள். அம்மன் கேட்டாள், அது வயல் பக்கம் போய்விட்டது.

அதற்கப்புறம் நீங்கள் செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். மறுபடி மைக்கை எடுத்து, “நம்ம சம்பந்தி தொழிலே தரம் பார்க்கறதுதான். அவரு ஒண்ணைத் தள்ளுனாரு, அம்மா அஞ்சை அனுப்புனா” என்றீர்கள். கூட்டம் கைதட்டியது. தலை குனிந்து நின்ற என் மகள் நிமிர்ந்தாள். அன்னதானத்தில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டீர்கள். என் கையும் உங்கள் வேட்டியும் எப்படி நாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. நீங்கள் ஒருமுறை என் பக்கம் மூக்கைத் திருப்பினீர்கள், பிறகு என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னீர்கள். நாலு பேர் நடுவில் ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றுவது கோயில் கட்டுவதை விடப் பெரிய காரியம். அந்தப் பெரிய மனசுக்குப் பொய்யைப் பதிலாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, உங்கள் கும்பாபிஷேகத்துக்கு வந்த ஐந்து கருடனும் அம்மன் அனுப்பியது அல்ல, நான் மீன் குடல் வீசி வரவழைத்தது. இதனால் அபிஷேகத்துக்குக் குறை என்று நீங்கள் நினைத்தால் என்ன பரிகாரம் சொன்னாலும் செய்கிறேன். தண்ணீர்மலைக் கோயில் படி முழுவதும் முட்டி போட்டு ஏறச் சொன்னாலும் ஏறுவேன், நம் இருவருக்குமே முட்டி சரியில்லை என்றாலும். பெண் மட்டும் ஒரு பாவமும் அறியாதவள். அவளை என்னோடு சேர்த்து ரிஜெக்ட் செய்துவிடாதீர்கள்.

வேட்டியைச் சலவைக்குக் கொடுத்திருக்கிறேன், கடைக்காரர் இரண்டாவது தடவை துவைக்கிறார். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசி. கோயிலும் குடியும் வயலும் அதில் இறங்குகிற எல்லாப் பறவையும் அம்மன் அருளால் குறைவின்றி இருக்கட்டும்.

தங்கள் அன்புக்கு என்றும் கடன்பட்ட
பழனியப்பன்

பி.கு. இதை ஒட்டி வைத்துத் தபாலில் போடுவதற்கு முன், அன்று பதற்றத்தில் கையோடு தூக்கி வந்து காடிக்குள் மறைத்துவிட்ட வாளியைத் திருப்பித் தரலாம் என்று இன்று காலை அலாவுதீன் பாயைப் பார்க்கப் போனேன். உறையைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். நான் உங்களிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் பாய் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“என்னத்தை ஒப்புக்கப் போறீங்க? வாளியைத் தயாரா வைக்கச் சொன்னதே தண்டாயுதம் அண்ணன்தான். பத்தே காலுக்குப் போன் அடிக்கிறேன், வீசுங்கன்னாரு. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி போன கும்பாபிசேகத்துக்கும் நான்தான் வீசுனேன். அதுக்கு முன்னாடி அவங்க அப்பா காலத்துல எங்க வாப்பா. நீங்க ஓடி வந்தப்ப அண்ணன் அனுப்புன ஆளுன்னு நெனச்சேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சம்பந்தி. பத்து நாள் தூக்கம் கெட்டதும், முறுக்கு இறங்காததும், மேலே எழுதிய இத்தனை பக்கமும் வீண் என்று வயிறு வலிக்கச் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. “ஆனா அன்னிக்கு அவரு வேற மாதிரிப் போன் பண்ணாருங்க” என்றார். “மணி பத்து அஞ்சு, ஆறு இருக்கும். பேச முடியாம அழுவுறாரு. ‘பாய், வாளியத் தொறக்காதீங்க. வேண்டாம். இந்தத் தடவை தானா வந்துடுச்சு பாய்’ன்னாரு. நான் வாளியை மூடிட்டேன். அப்புறம் ஸ்பீக்கர்ல உங்க சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அவரு போனே பண்ணல. நீங்கதான் வந்தீங்க.”

வீட்டுக்கு எப்படிக் காடி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை. கம்பியில் இருந்த தகைவிலான்களில் பாதி கிளம்பிவிட்டிருந்தன, நான் எண்ணவில்லை. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துதான் நீங்கள் என் தோளில் கை போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் எனக்குப் பாயசம் விடச் சொல்லியிருக்கிறீர்கள். ஆகையால் மேலே நான் மன்னிப்புக் கேட்டதெல்லாம் தப்பான காரியத்துக்கு. அந்தப் பக்கங்களை அடுப்பில் போடுங்கள், குழுவுக்கு அனுப்பிவிடாதீர்கள். சித்திரையில் எல்லோரும் வாருங்கள், ரமணி இப்போதே பலகாரத்துக்கு மாவு சலிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அது கருடன் இல்லை என்பது உண்மைதான், அதை மாற்றிச் சொல்ல எனக்கு வராது. ஆனால் அன்றைக்கு நான் உண்மையில் பாதியைத்தான் மைக்கில் சொன்னேன். மறுபாதியை மைக்கில் சொன்னால் நாம் இருவருமே மாட்டிக்கொள்வோம், அதனால் உங்களுக்கு மட்டும் இங்கே எழுதுகிறேன். அந்த நாளில் வந்த ஆறு பறவையில் அது ஒன்றைத்தான் யாரும் கூப்பிடவில்லை. அது தானாகத்தான் வந்தது, சம்பந்தி.